ஆகாயத்தில் அரை விநாடி

வேகப் படகு வைத்திருப்பவர்கள் பட்டறைக்குள் வந்து உட்கார்ந்ததும் சொல்கிற முதல் எண் குதிரைத்திறன். அடுத்த எண், நண்பருடைய படகு போகும் வேகம். "அவன் 85 போகிறான், நான் 77-இலேயே நிற்கிறேன். பெரிய டிரைவ் போடு, பெரிய புரொப்பெல்லர் போடு." எனக்குத் தெரிய வேண்டியது வேறு மூன்று விஷயங்கள். எந்தக் கடலில் ஓட்டுகிறார்? படகு அலையிலிருந்து எகிறும்போது த்ராட்டிலில் இருக்கிற கை என்ன செய்கிறது? விடுமுறை நாளில் எத்தனை பேரை ஏற்றுகிறார்? இந்த மூன்றுக்கும் உண்மையான பதில் கிடைத்துவிட்டால் எந்த டிரைவ், எந்த கியர் ரேஷியோ, எந்த புரொப்பெல்லர் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும். சிக்கல் என்னவென்றால், முதல் கேள்விக்கு மட்டும்தான் உண்மையான பதில் வரும்.

நான் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் டீசல் எஞ்சின் வேலை பழகியவன். பெட்ரோல் வி-8 எஞ்சினும் ஸ்டெர்ன்டிரைவும் துபாய்க்கு வந்த பிறகு பழகியவை. விசைப்படகில் புரொப்பெல்லரின் வேலை வலையை இழுப்பது. அகலமான பிளேடு, நிதானமான சுற்று. வேகத்தைப் பற்றி அங்கே யாரும் பேசமாட்டார்கள். டீசல் எவ்வளவு குடித்தது என்றுதான் கேட்பார்கள். இங்கே வந்து பார்த்தால் அதே உப்புத் தண்ணீர், கணக்கு மட்டும் தலைகீழ். ஆனால் அங்கே கற்ற ஒன்று இங்கேயும் கைகொடுத்தது: சுமை தெரியாமல் புரொப்பெல்லர் வாங்காதே.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெர்ன்டிரைவ் படகில் எஞ்சின் உள்ளே, பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கியரும் புரொப்பெல்லரும் பலகைக்கு வெளியே ஒரு காலாகத் தொங்கும். எஞ்சினிலிருந்து படுக்கைவாட்டில் வரும் சுழற்சி மேலே ஒரு ஜோடி கியரில் திரும்பிச் செங்குத்தாக இறங்கி, அடியில் இன்னொரு ஜோடி கியரில் திரும்பி, புரொப்பெல்லர் ஷாஃப்டுக்குப் போய்ச் சேரும். காலை இடவலமாகத் திருப்பினால் படகு திரும்பும். ஹைட்ராலிக் கொண்டு மேலும் கீழும் சாய்த்தால் முகப்பு ஏறும், இறங்கும். அந்தச் சாய்ப்புக்குத்தான் டிரிம் என்று பெயர். ஸ்டெர்ன்டிரைவை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜிம் வின் என்ற அமெரிக்கர். 1958-இல் அவுட்போர்டு பூட்டிய சிறிய படகில் அட்லாண்டிக்கைக் கடந்தவர் அவர். அவருடைய யோசனையை வால்வோ பென்டா எடுத்துக்கொண்டு 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அக்வாமாட்டிக் என்ற பெயரில் வைத்தது. இரண்டு ஆண்டு கழித்து மெர்க்குரி நிறுவனத்தின் மெர்க்ரூஸர் வந்தது. எங்கள் பட்டறைக்கு வரும் வேகப் படகுகளில் பெரும்பாலானவை அந்த மெர்க்ரூஸர் வம்சம்தான்: பிராவோ ஒன், அதன் வலுவான அண்ணன் எக்ஸ்ஆர், அதற்கும் மேலே நம்பர் சிக்ஸ்.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போது எல்லோரும் குதிரைத்திறன் அட்டவணையைத் திறப்பார்கள். 500 வரை சாதாரண பிராவோ தாங்கும், 600-ஐ ஒட்டிப் போனால் எக்ஸ்ஆர், அதைத் தாண்டினால் நம்பர் சிக்ஸ் என்று. தப்பில்லை. ஆனால் அமைதியான தண்ணீரில் நேராக ஓடும் படகில் டிரைவ் உடைந்து நான் அதிகம் பார்த்ததில்லை. உடைகிற இடம் ஆகாயம். இன்னும் சரியாகச் சொன்னால், ஆகாயத்திலிருந்து இறங்குகிற இடம்.

படகு அலை முகட்டிலிருந்து எகிறுகிறது. புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வருகிறது. அதுவரை எஞ்சினை அழுத்திக்கொண்டிருந்த சுமை ஒரே நொடியில் காணாமல் போகிறது. சுற்று ஜிவ்வென்று ஏறி, அதற்கு வரம்பு போடும் லிமிட்டரில் போய் முட்டுகிறது. அரை விநாடியில் படகு விழுகிறது. அசுர வேகத்தில் சுற்றும் பிளேடு தண்ணீரைக் கடிக்கிறது. கடித்ததும் அது மெதுவாகியே தீர வேண்டும். மேலே எஞ்சினின் ஃபிளைவீலோ மெதுவாகத் தயாராக இல்லை. இந்த இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது, இரண்டு கைகளால் பொத்திவிடக்கூடிய அளவுள்ள அந்த நான்கு கியர்கள்தான். அந்த ஒரு அடியில் கியர்ப் பல் வாங்கும் விசைக்கும் அட்டவணையில் போட்டிருக்கும் குதிரைத்திறனுக்கும் சம்பந்தமே கிடையாது.

பந்தயக்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கிளாஸ் 1 பந்தயப் படகில் இரண்டு பேர் உட்காருகிறார்கள்: ஒருவர் ஸ்டியரிங், இன்னொருவர் த்ராட்டில் மட்டும். படகு தண்ணீரை விடும்போதே த்ராட்டிலை இழுத்து, விழுந்து பிடிமானம் கிடைத்ததும் திரும்பக் கொடுப்பது இரண்டாமவரின் முழுநேர வேலை. துபாயில் இந்தக் கலை நன்றாக வேரூன்றிய ஒன்று. 1989-இல் தொடங்கிய விக்டரி டீம் அந்தப் பந்தயத்தில் பலமுறை உலகப் பட்டம் வென்றது. மினா சியாஹியில் பந்தயம் நடக்கும் நாள்களில் நான் படகைப் பார்ப்பதைவிட எஞ்சின் சத்தத்தைக் கேட்கத்தான் போவேன். நல்ல த்ராட்டில்காரர் ஓட்டினால் படகு ஆகாயத்தில் இருக்கும்போது சத்தம் ஏறாது. எங்கள் பட்டறைக்கு வரும் படகு முதலாளிமார்கள் ஓட்டினால் ஒவ்வொரு அலைக்கும் ஒரு அலறல் கேட்கும். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் த்ராட்டில், கண் பக்கத்துப் படகில். பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

கடலும் கணக்கில் வரும். பாரசீக வளைகுடா ஆழமில்லாத கடல், சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடித்தால் நீண்ட அலை எழாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றையொன்று ஒட்டினாற்போல் எழும். 70 மைல் வேகத்தில் போகும் படகு முகட்டிலிருந்து முகட்டுக்குத் தத்திக்கொண்டே போகும். மலையைத் தாண்டி கிழக்கே கோர்ஃபக்கான் பக்கம் போனால் ஓமன் வளைகுடா. அங்கே அலை நீளம், படகு ஏறி இறங்கும். ஒரே படகு, ஒரே டிரைவ். மேற்கே ஓடினால் ஒரு ஆயுள், கிழக்கே ஓடினால் வேறு ஆயுள்.

ஆகவே டிரைவைப் பற்றிப் பேசும் முன் பழைய டிரைவின் எண்ணெயை இறக்கிப் பார்ப்பேன். அடியில் இருக்கும் காந்தத் திருகைக் கழற்றினால் அதன் முனையில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவாக வழுக்கினால் அது இயல்பான தேய்மானம். தேய்க்கும்போது நெருடினால் பல்லின் விளிம்பு உதிரத் தொடங்கிவிட்டது. எண்ணெய் பால் கலந்த நிறத்தில் வந்தால் எங்கோ சீல் வழியாகத் தண்ணீர் போகிறது. கருகிய வாடை வந்தால் மேல் கியர்ப் பெட்டி சூடாகியிருக்கிறது. ஆகஸ்டில் இங்கே கடல் நீரே 33 டிகிரியைத் தாண்டி நிற்கும். டிரைவைச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்க வேண்டும் என்பதால், மேல்பெட்டியின் மீது தண்ணீர் பீய்ச்சும் ஷவர் ஒன்றை எல்லாப் படகுக்கும் வைத்துவிடச் சொல்வேன். செலவு குறைவு. முதலாளி எப்படி ஓட்டுகிறார் என்பதை அவரைவிட அந்தக் காந்தத் திருகு ஒளிவுமறைவில்லாமல் சொல்லும்.

நம்பர் சிக்ஸ் மாதிரியான டிரைவில் எண்ணெய் கியர்ப் பெட்டிக்குள் தேங்கி நிற்காது. தனித் தொட்டியிலிருந்து பம்ப் எடுத்துப் பற்களின் மேல் தெளிக்கும். கியர் எண்ணெய்க்குள் மூழ்கிச் சுற்றாததால் சூடும் குறைவு, எண்ணெயைக் கடைவதில் வீணாகும் திறனும் குறைவு. வலு அபாரம். ஆனால் எடை கூடும், பின்பலகையில் வெட்டி மாற்ற வேண்டிய வேலை இருக்கிறது, விலையைக் கேட்டால் இன்னொரு சிறிய படகு நினைவுக்கு வரும். எஞ்சினுக்கு 525 குதிரைத்திறன் உள்ள படகுக்கு அதைப் போடச் சொல்லி வற்புறுத்தும் விற்பனையாளர்கள் உண்டு. அது தேவையில்லை. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலவழித்து, த்ராட்டில் பழக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் கடலுக்குப் போனால் எக்ஸ்ஆர் தாராளமாகத் தாங்கும்.

டிரைவைத் தேர்ந்த பிறகு அதை எந்த உயரத்தில் மாட்டுவது என்ற கேள்வி வருகிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பலரும் கண்டுகொள்ளாமல் விடுவதும் இதுதான். முதலில் படகை மட்டப்பலகை வைத்துச் சமமாக நிறுத்துவோம். நேரான நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றைப் படகின் அடிமுதுகோடு சேர்த்துப் பிடித்து, பின்பலகையைத் தாண்டி புரொப்பெல்லர் வரை நீட்டுவோம். டிரைவை டிரிம் செய்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் அந்தச் சட்டத்துக்கு இணையாக வரும்படி நிறுத்தி, சட்டத்திலிருந்து ஷாஃப்டின் நடுப்புள்ளி எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளப்போம். அந்த ஒரு எண் படகின் குணத்தையே சொல்லும்.

டிரைவின் கால் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு இழுவை. ஓர் அங்குலம் ஏற்றினால் ஒரு மைல், சில படகில் இரண்டு மைல் வேகம் சும்மாவே கிடைக்கும். என்னிடம் வேலை பழகும் ராமநாதபுரத்துப் பையன் ஒருநாள் கேட்டான்.

"அப்போ ரெண்டு மூணு இஞ்ச் ஏத்திட்டா என்னண்ணே?"

"ஏத்துடா. எஞ்சின் எங்கேருந்து தண்ணி குடிக்கும்?"

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை டிரைவின் பக்கவாட்டில் உள்ள துளைகள்தான் உறிஞ்சுகின்றன. டிரைவ் ஏறினால் துளையும் ஏறும். வேகத்தில் அங்கே தண்ணீருக்குப் பதிலாக நுரைதான் இருக்கும். அதற்காகத்தான் துளைகளை மூக்கின் அடிப்பக்கத்துக்கு இறக்கிய, காலைக் குட்டையாக்கிய கீழ்ப்பெட்டிகள் வந்தன. மெர்க்குரியின் ஸ்போர்ட் மாஸ்டர் அப்படிப்பட்டது. 85 மைலுக்கு மேல் போகும் படகுக்கானது. சாதாரணக் கீழ்ப்பெட்டியின் மொத்தையான உடலைச் சுற்றி அந்த வேகத்தில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு ஓடாது, பிய்த்துக்கொண்டு போகும்; அந்த வெற்றிடம் பின்னால் புரொப்பெல்லர் வரை நீண்டால் படகின் பின்பக்கம் திடீரென்று பிடிப்பை விட்டு நழுவும். 80 மைலில் பின்பக்கம் நழுவுவது விளையாட்டல்ல. ஆனால் 75 மைல் போகிற குடும்பப் படகில் இதை மாட்டினால் கிடைப்பது பெருமை மட்டும்தான். கிளம்பும்போது திணறும், மரினாவுக்குள் பின்னோக்கி எடுக்கும்போது புரொப்பெல்லர் காற்றைக் குடித்துக்கொண்டு சும்மா சுற்றும்.

இனி புரொப்பெல்லர். எல்லோரும் முதலில் கேட்பதை நான் கடைசியில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன எல்லாவற்றையும் முடித்த பிறகு, எஞ்சினை அதற்குரிய சுற்றில் நிறுத்திவைக்கும் பொறுப்பு மட்டுமே புரொப்பெல்லருக்கு மிஞ்சுகிறது.

பிட்ச் என்பது, மரத்தில் திருகாணி இறங்குவதுபோலப் புரொப்பெல்லர் தண்ணீரில் நழுவாமல் இறங்கினால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற கணக்கு. எஞ்சினின் நிமிடச் சுற்றை கியர் ரேஷியோவால் வகுத்து, பிட்சால் பெருக்கி, 1056-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் போக வேண்டும் என்று வந்துவிடும். தண்ணீர் மரம் இல்லை, கொஞ்சம் நழுவும். கணக்கில் வரும் வேகத்துக்கும் ஜிபிஎஸ் காட்டும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசமே நழுவல். நல்ல வி வடிவப் படகில் அது 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும்.

மேலே சொன்ன 77 மைல்காரரின் படகையே எடுத்துக்கொள்வோம். 38 அடி, ஆழமான வி வடிவ அடிப்பாகம், 525 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின், கியர் ரேஷியோ 1.5. எஞ்சினை முழுத் த்ராட்டிலில் 4800-க்கும் 5200-க்கும் நடுவில் ஓட்ட வேண்டும் என்பது வரையறை. யாரோ அவருக்கு 30 பிட்ச் புரொப்பெல்லர் மாட்டியிருந்தார்கள். பெரிய பிட்ச், பெரிய வேகம் என்ற நம்பிக்கை. முழுத் த்ராட்டிலில் சுற்று 4750-ஐத் தாண்டவில்லை. கணக்குப்படி 90 மைல் வர வேண்டும், ஜிபிஎஸ் 77 காட்டியது. நழுவல் 14 சதவீதத்துக்கு மேல். அதுவும் காலை வேளையில், நானும் அவரும் மட்டும், தொட்டியில் கால்வாசி பெட்ரோலுடன்.

28 பிட்ச் நான்கு பிளேடு ஜோடி ஒன்றை மாட்டினோம். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை ஏறும் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. அப்படியே 5150-க்கு ஏறியது. கணக்கு 91, ஜிபிஎஸ் 79. நழுவலும் 13-க்கு இறங்கியது. சிறிய புரொப்பெல்லர் போட்டு வேகம் கூடியதை அவர் நம்பவே இல்லை; ஜிபிஎஸ் கெட்டுவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தார். 30 பிட்சில் எஞ்சின் மூச்சுமுட்டி ஓடிக்கொண்டிருந்தது, தன் முழுத்திறனைத் தரும் சுற்றுக்கு அது போகவே இல்லை என்பதுதான் விஷயம். 26 போட்டிருந்தால் லிமிட்டரில் முட்டியிருக்கும்.

"நண்பனின் 85?" என்றார். கடலில் சறுக்கி ஓடும் படகுக்கு வேகம் குதிரைத்திறனின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடரும். 79-லிருந்து 85-க்குப் போக 16 சதவீதம் திறன் கூட வேண்டும். இரண்டு எஞ்சினும் சேர்ந்து இன்னும் 165 குதிரை. அதைப் புரொப்பெல்லரில் தேட முடியாது. நண்பரின் படகு எத்தனை பேருடன் 85 போகிறது என்றும் விசாரிக்கச் சொன்னேன். விசாரித்தாரா தெரியாது.

ஆள் கணக்குக்கு வருகிறேன். விடுமுறை நாளில் இன்னும் ஆறு பேர் ஏறினால் ஐந்நூறு கிலோ. 750 லிட்டர் தொட்டி நிரம்பினால் பெட்ரோல் மட்டும் 560 கிலோ. ஏற்கெனவே இருந்த கால்வாசியைக் கழித்தாலும் கிட்டத்தட்ட ஒரு டன் கூடிவிட்டது. கூடவே கோடை. சூடான, ஈரம் நிறைந்த காற்றில் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. ஜனவரியில் 5150 ஏறியது ஆகஸ்டில் 5000-க்கே முக்கும். அதனால்தான் பரிசோதனை ஓட்டத்தை ஆளில்லாத காலையில் முடித்துக்கொண்டு வரும் பட்டறைகளின் எண்ணை நான் எடுத்துக்கொள்வதில்லை. அதிகபட்சச் சுமையில், வெயில் காலத்தில், சுற்று 4800-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று பார்த்துத்தான் பிட்சை முடிவு செய்வேன். ஜனவரியில் இரண்டு பேருடன் போகும்போது லிமிட்டரை உரசினால் த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாம். மூச்சுமுட்டும் எஞ்சினை அப்படிக் காப்பாற்ற முடியாது. சிலிண்டருக்குள் நாக்கிங் வந்து பிஸ்டனைத் தின்றுவிடும்.

பிளேடு எத்தனை என்பதில் எனக்கு ஒரே கட்சிதான்: வளைகுடாக் கடலுக்கு நான்கு. மூன்று பிளேடு அமைதியான தண்ணீரில் ஒரு மைல் கூடக் கொடுக்கலாம். ஆனால் எகிறி விழும் படகில் நான்கு பிளேடு தண்ணீரைச் சட்டென்று, நிதானமாகப் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். கியருக்குப் போகும் அடியும் மென்மையாகும். பிளேடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவுக்கு முகப்பைத் தூக்கும். முகப்புக் கனமான படகுக்கு அது வரம், ஏற்கெனவே முகப்பு மிதக்கும் படகுக்கு ஆபத்து. வேகத்தில் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிடும். கியர் ரேஷியோவை 1.36-க்கு மாற்றினால் 26 பிட்சிலேயே அதே வேகத்தைத் தொடலாம் என்பார்கள். தொடலாம்தான். பிட்ச் 30-ஐ நெருங்கி, 15 அங்குல விட்டத்தின் இருமடங்காகும்போது பிளேடு தண்ணீரைப் பின்னே தள்ளுவதைவிடச் சுழற்றிவிடுவது அதிகம் என்பதால், 90 மைலைத் தேடுகிறவர்களுக்கு அந்த மாற்றம் அர்த்தமுள்ளது. 80-க்காக டிரைவைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஷார்ஜாவில் புரொப்பெல்லர் சீர்செய்யும் மலையாளி ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் சேட்டன் என்றே கூப்பிடுவோம். அவரிடம் கொடுக்காமல் எந்தப் புதுப் புரொப்பெல்லரையும் நான் மாட்டுவதில்லை. பெட்டியிலிருந்து எடுத்த புத்தம்புது 28-ஐ அவர் அளவுகோலில் ஏற்றிச் சுற்றினால் ஒரு பிளேடு 28-க்குச் சற்று மேலே, இன்னொன்று சற்றுக் கீழே நிற்கும். நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, முன்விளிம்பைத் தீட்டி, பின்விளிம்பில் உள்ள சிறு வளைவை விரல் நகத்தால் தடவிப் பார்த்தே சரிசெய்வார். கப் எனப்படும் அந்த வளைவுதான் உயர்த்தி மாட்டிய டிரைவில் பிளேடு காற்றைக் குடிக்காமல் பிடித்துக்கொள்ள உதவுவது. கொஞ்சம் கூட்டினால் சுற்று இறங்கும், குறைத்தால் ஏறும். பழைய புரொப்பெல்லரின் முதுகில் அம்மைத் தழும்பாகக் குழிகள் இருந்தால் அவர் அந்த இடத்தைப் பார்க்கமாட்டார், அதற்கு நேர் முன்னே உள்ள விளிம்பைப் பார்ப்பார். அங்கே ஒரு சிறு நசுங்கல் இருக்கும். அதைத் தாண்டும் தண்ணீரின் அழுத்தம் குறைந்து, சூடே இல்லாமல் கொதித்து, குமிழிகள் உடைந்து எஃகையே அரித்திருக்கும். கேவிடேஷன் என்பது இதுதான். புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றுவதையும் பலர் அந்தப் பெயரிலேயே சொல்கிறார்கள். அது வேறு நோய், அதற்கு மருந்து டிரைவின் உயரத்திலும் டிரிமிலும் இருக்கிறது. நோய் மாறிப்போனதால் தேவையில்லாமல் புரொப்பெல்லர் வாங்கியவர்கள் நிறைய.

இரட்டை எஞ்சின் படகில் இரண்டு புரொப்பெல்லரும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். இரண்டு டிரைவையும் ஒரு தண்டால் பிணைத்திருக்க வேண்டும், ஸ்டியரிங் முழு ஹைட்ராலிக்காக இருக்க வேண்டும். இதிலெல்லாம் பேரமே கிடையாது. ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு அவர் இடுப்பில் இல்லாமல் பரிசோதனை ஓட்டத்துக்கு நான் படகில் ஏறமாட்டேன், முதலாளி எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும்.

இப்போது புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் ஸ்டெர்ன்டிரைவ் பக்கமே பார்ப்பது குறைந்துவிட்டது. 2019-இல் மெர்க்குரி ரேசிங்கின் 450ஆர் அவுட்போர்டு வந்ததிலிருந்து, அதில் மூன்றை, நான்கைப் பின்னால் வரிசையாக மாட்டிக்கொண்டு போகிறார்கள். பராமரிப்பு எளிது, படகுக்குள் இடம் மிச்சம், கெட்டால் ஒன்றைக் கழற்றி மாற்றலாம். எனக்கு அதில் வருத்தமில்லை. உயரம், பிட்ச், சுமை என்ற கணக்கு அங்கேயும் இதேதான். ஆனால் ஒரு விளைவு உண்டு. நல்ல ஸ்டெர்ன்டிரைவ் படகுகள் மலிவாகக் கைமாறுகின்றன, நம்மவர்களிலும் சிலர் கூட்டாகச் சேர்ந்து வாங்குகிறார்கள்.

அப்படி வாங்குவதாக இருந்தால் விற்பவர் சொல்லும் வேகத்தைக் குறித்துக்கொள்ளாதீர்கள். புரொப்பெல்லரின் நடுக்குழாயில் அச்சடித்திருக்கும் பிட்சையும் டிரைவின் கியர் ரேஷியோவையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகக் கூட்டிப்போகும் அத்தனை பேரையும் ஏற்றி, தொட்டியை நிரப்பி, முழுத் த்ராட்டிலில் சுற்றையும் ஜிபிஎஸ் வேகத்தையும் பாருங்கள். 1056 கணக்கைப் போட்டு நழுவல் 20 சதவீதத்தைத் தாண்டினாலோ, சுற்று எஞ்சினின் வரையறைக்குக் கீழே நின்றாலோ, எது கோளாறு என்று கண்டுபிடித்து அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். காந்தத் திருகைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு படகு பாருங்கள்.